கையெழுத்து என்னுடையதா, நாற்காலியுடையதா?

#1 ஓரக்கோடு

வணக்கம். இங்கே வாசித்துவிட்டுப் போகிறவன்தான், எழுதுவது அரிது. ஒரு விஷயம் சில வாரங்களாக மனதைக் குடைகிறது.

பதிவுத்துறையில் இருக்கிறேன். சேர்ந்து இன்னும் 2 வருடம் ஆகவில்லை. இதுவரை பிறப்பு, இறப்புப் பதிவேடுகள்தான் என் பொறுப்பு. அடுத்த மாதத்திலிருந்து திருமணப் பதிவும் என் மேசைக்கு வருகிறது.

என் மதத்தில் மணமுறிவு கிடையாது. நீதிமன்றம் பிரித்து வைத்தாலும், கடவுள் முன்னால் அந்த முதல் திருமணம் அப்படியேதான் இருக்கிறது. பேருக்கு இல்லை, உண்மையாகவே இதை நம்புகிறேன். முதல் துணை உயிரோடு இருக்கும்போது மறுமணத்துக்கு வருகிறவர்களின் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டால், அந்தத் தவறுக்கு நானும் உடந்தைதானே?

சட்டப்படி அவர்களுக்கு உரிமை உண்டு. யாரையும் தடுக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. என் கை அதில் படவேண்டாம், அவ்வளவுதான். மேலதிகாரியிடம் கேட்கலாமா? பக்கத்து மேசைக்காரரோடு பேசி மாற்றிக்கொள்ளலாமா? "வேலையை விட்டுவிடு" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

#2 கறார்

ஒரே வரிதான்: வேலையை விட்டுவிடுங்கள்.

கோபப்படாதீர்கள். கட்டாய ராணுவச் சேவைக்கு இழுத்துச் செல்லப்பட்ட ஒருவன் "என் மதம் கொலையை அனுமதிக்காது" என்றால் அது வேறு. அவன் விரும்பிப் போகவில்லை. அதனால்தான் 1916-ல் பிரிட்டன் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, நடுவில் உலகப்போர் நடந்துகொண்டிருந்தும், மனசாட்சிப்படி மறுப்பவர்களுக்கு அந்தச் சட்டத்திலேயே வழி வைத்தார்கள். உங்களை யாராவது இழுத்து வந்தார்களா? பரீட்சை எழுதி, போட்டி போட்டு, பத்து பேரை முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

#3 பழைய_பைல்

தம்பி, நான் 31 வருஷம் சர்வீஸ் போட்டு ரிட்டயர் ஆனவன். கறார் சொல்றதை அப்புறம் பார்ப்போம். முதல்ல கையெழுத்துன்னா என்னன்னு பார்ப்போம்.

நாளைக்கு ஆபீஸ் போனதும் அந்தப் படிவத்தை எடுங்க. நீங்க கையெழுத்துப் போடுற இடத்துக்கு மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு ஒரு தடவை நிதானமா படிங்க. இந்தத் தேதியில இந்த ரெண்டு பேரும் என் முன்னால வந்தாங்க, ஆவணம் பார்த்தேன், சாட்சிகள் கையெழுத்துப் போட்டாங்க. இவ்வளவுதான் இருக்கும். "இந்தக் கல்யாணத்துல எனக்குச் சம்மதம்"னு ஒரு வரி இருக்காது. உங்க சம்மதத்தை அங்க யாரும் கேட்கவே இல்ல.

2 வருஷமா இறப்புப் பதிவுல கையெழுத்துப் போட்டீங்களே, அந்தச் சாவுக்கெல்லாம் ஒப்புதல் கொடுத்தீங்களா?

#4 அகல்

ஐயா, மன்னிக்கணும், அந்த ஒப்புமை நிற்காது. இறப்பு நடந்து முடிந்த ஒன்று. பதிவாளர் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் செத்தவர் செத்தவர்தான். பதிவுத் திருமணம் அப்படியா? பல நாட்டுச் சட்டங்களில் பதிவாளர் முன்னால் நடப்பதுதான் திருமணமே. அவர் இல்லாவிட்டால் அது நடக்கவில்லை. ஆகவே "நான் வெறும் எழுத்தர்" என்று அவர் தப்பித்துக்கொள்ள முடியாது. மனம் உறுத்துகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

நானும் வழிபாடு தவறாதவள். இந்தத் தளத்தில் மத நம்பிக்கை என்றாலே ஏதோ குணப்படுத்தவேண்டிய வியாதி மாதிரி பேசுகிறார்கள். ஓரக்கோடு ஏமாற்றவில்லை, ஒளிக்கவில்லை, முன்கூட்டியே வந்து கேட்கிறார். லஞ்சம் வாங்கும்போது உறுத்தாத மனசாட்சிகளுக்கு நடுவே இது ஒரு நல்ல குணம் இல்லையா?

#5 சட்டப்பூச்சி

நல்ல குணம்தான், ஆனால் நீதிமன்றங்கள் குணத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த வழக்கு கிம் டேவிஸ். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம், ரோவன் கவுன்ட்டியின் தேர்ந்தெடுக்கப்பட்ட கிளார்க். (அங்கே கிளார்க் என்றால் எழுத்தர் இல்லை, அலுவலகத்துக்கே தலைமை.) 2015 ஜூன் 26-ல் தன்பாலினத் திருமணம் நாடு முழுக்கச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இவர் தன் மத நம்பிக்கையைக் காட்டி, தன்பாலின இணையர் மட்டுமல்ல, யாருக்குமே திருமண உரிமம் தரமாட்டேன் என்று நிறுத்திவிட்டார். எல்லோருக்கும் நிறுத்தினால் பாகுபாடு ஆகாது என்பது அவர் கணக்கு. தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டும் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காகச் செப்டம்பர் 3-ல் சிறைக்குப் போனார், 8-ல் வெளியே வந்தார்.

பலர் கவனிக்காத இடம் இதுதான். அவர் தன் கையை மட்டும் விலக்கிக்கொள்ளவில்லை. தனக்குக் கீழே இருந்த துணை எழுத்தர்களையும் கொடுக்கவிடவில்லை. உரிமத்தில் என் பெயர் அச்சாகிறது, அதனால் யார் கொடுத்தாலும் நான் கொடுத்த மாதிரி என்றார். அவர் உள்ளே இருந்த நாட்களில் துணை எழுத்தர்கள் 6 பேரில் 5 பேர் கொடுக்கச் சம்மதித்தார்கள், உரிமங்கள் வெளிவந்தன. மறு வருடம் கென்டக்கி சட்டமன்றம் படிவத்திலிருந்து கிளார்க்கின் பெயரையே எடுத்துவிட்டது. இவ்வளவு ரகளைக்கும் தீர்வு கடைசியில் ஒரு படிவ மாற்றம்! ஆனால் வழக்கு அதோடு ஓயவில்லை. 2023-ல் ஒரு இணையருக்குத் தலா 50,000 டாலர் இழப்பீடு தரச்சொல்லி ஜூரி தீர்ப்பளித்தது. அவருடைய மேல்முறையீட்டை 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவே இல்லை.

உங்கள் நிலைமைக்கு இதைவிட நெருக்கமானது லண்டன் இஸ்லிங்டன் வழக்கு. லிலியன் லடேல் என்ற பதிவாளர். 2005 டிசம்பரில் தன்பாலின இணையரின் பதிவு அங்கே நடைமுறைக்கு வந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சட்டமே கிடையாது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவரான அவர் அந்தப் பதிவைத் தவிர்க்க, சில காலம் சக ஊழியர்களோடு முறை மாற்றிக்கொண்டு சமாளித்தார். பிறகு அந்த உள்ளாட்சி மன்றம், எல்லோரும் எல்லாப் பதிவையும் செய்யவேண்டும் என்றது. அவர் வழக்குப் போட்டார். இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-ல் மறுத்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2013 ஜனவரியில் உள்ளாட்சி மன்றத்தின் பக்கம் நின்றது. அதே தீர்ப்பில், கழுத்தில் சிலுவை அணிந்ததற்காகத் தடுக்கப்பட்ட ஒரு விமான நிறுவன ஊழியர் ஜெயித்தார்.

ஒரே நாள், ஒரே நீதிமன்றம், இருவரும் ஒரே மதம். சிலுவை அணிந்தால் எதிரே நிற்பவருக்கு எதுவும் குறையாது. பதிவை மறுத்தால் அவருக்குப் போகவேண்டியது போகாது. நான் புரிந்துகொண்ட வரையில் இரண்டு தீர்ப்பையும் பிரிப்பது அதுதான்.

#6 கறார்

டேவிஸ் அம்மையாரே நான்கு முறை கல்யாணம் செய்தவர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் சார். ஓரக்கோடு போன்ற ஒருவர் அந்த மேசையில் இருந்திருந்தால் அவருக்கே உரிமம் கிடைத்திருக்காது.

#7 மட்டுறுத்துநர்

தகவல் சரி என்பதால் நீக்கவில்லை. ஆனால் ஒருவரின் சொந்த வாழ்க்கை அவருடைய வாதத்தைப் பொய்யாக்கிவிடாது. இழை திசைமாற வேண்டாம்.

#8 ஓரக்கோடு

எல்லோருக்கும் நன்றி. கறார் சொன்னது கொஞ்சம் சுட்டது, பரவாயில்லை.

சட்டப்பூச்சி சார், லடேல் முறை மாற்றிக்கொண்டு சமாளித்தார் என்றீர்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன். என் அலுவலகத்தில் இதே அதிகாரம் உள்ள இன்னொருவர் இருக்கிறார், அவருக்கு ஆட்சேபணை இல்லை. அவர் மறுமணப் பதிவைப் பார்க்கட்டும், பதிலுக்கு அவருடைய வேலை ஏதாவது ஒன்றை நான் பார்க்கிறேன். வந்தவர்களுக்கு வேலை நடந்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம்?

#9 மௌனசாட்சி

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டீர்கள். நான் கவுன்ட்டருக்கு வெளியே நின்றவள், சொல்கிறேன்.

மணமுறிவு ஆகி 4 வருடம் கழித்து மறுமணப் பதிவுக்குப் போனேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அந்த மேசையில் இருந்தவர் "செய்யமாட்டேன்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. முதல் தடவை, தீர்ப்பு நகலில் முத்திரை மங்கலாக இருக்கிறது, வேறு நகல் வாங்கி வாருங்கள் என்றார். வாங்கிக்கொண்டு போனேன். இரண்டாவது தடவை ஒரு சாட்சியின் கையொப்பம் அடையாள அட்டையில் இருப்பது மாதிரி இல்லை. மூன்றாவது தடவை, பதிவேட்டில் பக்கம் முடிந்துவிட்டது, புதியது திறந்ததும் வாருங்கள். ஒவ்வொரு தடவையும் அந்தத் தீர்ப்பு நகலை ஒற்றை விரலால்தான் என் பக்கம் தள்ளினார். கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. என்னோடு வருகிறவர் மூன்று தடவையும் சம்பளம் இழந்து விடுப்புப் போட்டார். என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு, நான் காகிதத்துக்கு மேல் காகிதமாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது தடவை போனபோது அந்த மேசையில் வேறு ஒருவர். 11 நிமிஷம். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதனால் தெரியும். வெளியே வரும்போது அங்கே வேலை செய்யும் பெண் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "அவர் மறுமண பைலைத் தொடமாட்டாரு மேடம், உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் அவர் இல்லை, புரிகிறது. ஆனால் "மாற்றிக்கொள்கிறோம்" என்று நீங்களும் உங்கள் நண்பரும் பேசி வைத்துக்கொள்கிறீர்கள். அவர் விடுப்பில் இருக்கும் நாளில் நான் வந்து நின்றால் என்னிடம் என்ன சொல்வீர்கள்? உண்மையைச் சொல்வீர்களா, இல்லை முத்திரை மங்கல் என்பீர்களா?

#10 பழைய_பைல்

அம்மா, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. இந்த மாதிரி ஆளுங்களை நான் பார்த்திருக்கேன். ஒருத்தரோட பக்கத்து சீட்ல 3 வருஷம் உட்கார்ந்தும் இருக்கேன். ஒண்ணும் சொல்லாம இருந்தேன். "அவர் ரொம்ப பக்திமான், விட்டுடுங்க"ன்னுதான் ஆபீஸே பேசும்.

பைலை நிராகரிச்சா காரணம் எழுதணும். காரணம் எழுதினா மேல்முறையீடு வரும். தூங்க வெச்சா எதுவும் வராது. சிவப்பு மையில ஒரு "விளக்கம் தேவை" போட்டா போதும், பைல் ஆறு மாசம் கண்ணைத் திறக்காது. சட்டம் படிச்சவங்க டேவிஸ், லடேல்னு பேசுறீங்க. அவங்களாவது வெளிப்படையா மறுத்தாங்க, மாட்டினாங்க. மேசைக்கடியில நடக்குற மறுப்பு எந்தத் தீர்ப்புப் புத்தகத்துலயும் வராது.

#11 அகல்

மௌனசாட்சி அக்கா, உங்களுக்கு நடந்தது அநியாயம். அதை நான் நியாயப்படுத்தவில்லை. பொய்க் காரணம் சொல்லி அலைக்கழிப்பதை எந்த மதமும் புண்ணியம் என்று சொல்லாது.

ஆனால் இங்கே ஒன்று இடிக்கிறது. "அதிகாரி என்றால் சட்டத்தைச் செய், உன் நம்பிக்கையை வீட்டில் வை" என்கிறார்களே, அதை எல்லா இடத்திலும் சொல்வார்களா?

1940 ஜூன். ஹிட்லரின் ஜெர்மனியிடம் பிரான்ஸ் விழுந்துகொண்டிருக்கிறது. அங்கே போர்டோ நகரில் போர்ச்சுகல் தூதரக அதிகாரி அரிஸ்டீடிஸ் டி சோசா மென்டிஸ். யூதர்களுக்கும் நாடற்றவர்களுக்கும் முன் அனுமதி இல்லாமல் விசா தரக்கூடாது என்று அவருடைய அரசு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. வாசலில் அகதிகள் கூட்டம். ஆழ்ந்த கத்தோலிக்கர் அவர். சில நாட்கள் படுத்தபடுக்கையாகக் கிடந்தார், பிறகு எழுந்து வந்து கேட்டவர்களுக்கெல்லாம் விசா போட்டுக் கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் தப்பித்தார்கள். அவரை அரசு பணியிலிருந்து ஒதுக்கியது, 1954-ல் வறுமையில் இறந்தார். இன்று அவரை நாம் கொண்டாடுகிறோம். 2021-ல் லிஸ்பனில் தேசிய நினைவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள்.

அவரும் சட்டப்படியான கடமையை மத நம்பிக்கையால் மீறிய அரசு அதிகாரிதான். கறார் அன்று போர்டோவில் இருந்திருந்தால் "வேலையை விட்டுவிடுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பார். விட்டிருந்தால் அடுத்து வந்தவன் கதவைச் சாத்தியிருப்பான். விளைவு நமக்குப் பிடித்தால் மனசாட்சி, பிடிக்காவிட்டால் பிடிவாதமா?

#12 கறார்

இது நியாயமான அடி. யோசிக்கவேண்டும்.

#13 சட்டப்பூச்சி

அகல் கேட்டது இந்த இழையிலேயே கடினமான கேள்வி. முழு விடை என்னிடம் இல்லை, கொஞ்சம் தொட்டுப் பார்க்கிறேன்.

சோசா மென்டிஸ் கையில் இருந்தது ஒரு முத்திரை. அதை வைத்து அவர் கதவைத் திறந்தார். டேவிஸ் கையில் இருந்ததும் கிட்டத்தட்ட அதுதான், அவர் கதவை மூடினார். இருவருக்கும் மனசாட்சி உண்மை என்றே வைத்துக்கொள்வோம். முதல் ஆளின் மனசாட்சிக்கான விலையை அவரே கொடுத்தார்: பதவி, வருமானம், குடும்பத்தின் எதிர்காலம். இரண்டாமவரின் மனசாட்சிக்கான விலையில் முதல் தவணையைக் கட்டியவர்கள் கவுன்ட்டருக்கு வெளியே நின்றவர்கள். சிறை அப்புறம்தான் வந்தது.

இன்னொன்று. சோசா மென்டிஸ் அந்தக் கூட்டத்தில் ஆள் பிரிக்கவில்லை. மத நம்பிக்கையால் உந்தப்பட்டவர், யூதருக்குக் கொடுத்தார், மதமே இல்லாதவருக்கும் கொடுத்தார். அவர் நம்பிக்கை அவரை எல்லோரிடமும் கொண்டுபோனது.

இது முழு விடை இல்லை என்று ஏன் சொல்கிறேன் என்றால், கதவைத் திறப்பதும் சில சமயம் தவறாகலாம். தன் மதத்தவருக்கு மட்டும் விதியைத் தளர்த்தும் அதிகாரியும் கதவைத்தான் திறக்கிறார். அதனால் திறப்பு, மூடல் என்ற அளவுகோல் பாதி தூரம்தான் வரும்.

#14 நீர்க்கோலம்

இடையில் நுழைகிறேன். பதவியை விடாமல், கையெழுத்தும் போடாமல், யாரையும் காக்க வைக்காமல் ஒருவர் சமாளித்த கதை இருக்கிறது. ராஜா என்பதால் முடிந்தது, அது வேறு.

பெல்ஜியம், 1990. கருக்கலைப்பைக் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு அனுமதிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மன்னர் பௌதூவான் கையெழுத்துப் போட்டால்தான் சட்டமாகும். அவர் தீவிரக் கத்தோலிக்கர், முடியாது என்றார். நாட்டில் எல்லோருக்கும் மனசாட்சிச் சுதந்திரம் இருக்கும்போது எனக்கு மட்டும் இல்லையா என்கிற தொனியில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் சட்டத்தைத் தடுக்க நினைக்கவில்லை, ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்று அவரே கேட்டார். மன்னர் ஆளமுடியாத நிலையில் இருந்தால் அமைச்சரவை அவர் அதிகாரத்தைச் செலுத்தலாம் என்று அரசமைப்பில் ஒரு பிரிவு. உடல்நிலை மாதிரியான காரணங்களை நினைத்து எழுதியது. ஏப்ரல் 4-ல் அவரை "ஆளமுடியாத நிலையில்" என்று அறிவித்தார்கள், அமைச்சர்கள் கையெழுத்துப் போட்டார்கள், மறுநாளே நாடாளுமன்றம் கூடி அவரைத் திரும்ப மன்னராக்கியது. ஒன்றரை நாள் லீவு.

2008-ல் லக்ஸம்பர்க் கோமான் (அந்நாட்டு மன்னர் மாதிரி) ஆன்ரி கருணைக்கொலைச் சட்டத்துக்கு இதே மாதிரி மறுத்தார். அங்கே லீவெல்லாம் கொடுக்கவில்லை. சட்டங்களுக்கு அவர் ஒப்புதல் தரவேண்டும் என்ற சொல்லையே அரசமைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் வேலை சட்டத்தை வெளியிடுவது, அவ்வளவுதான். மனசாட்சியைக் காப்பாற்றிக்கொண்டார், அதிகாரம் போய்விட்டது. எனக்கென்னவோ அதுதான் நேர்மையான பேரமாகத் தெரிகிறது.

#15 கறார்

யோசித்தேன். சோசா மென்டிஸ் விஷயத்தில் அகல் சொல்வதை ஏற்கிறேன். என் ஒரு வரியைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் அதற்கு ஒரு அடிக்குறிப்பு வேண்டும்.

1960 செப்டம்பரில் ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் கென்னடி பேசியது நினைவிருக்கும். கத்தோலிக்கர் ஜனாதிபதி ஆனால் போப் சொல்படி ஆடுவார் என்ற பயம் இருந்த காலம். என் பதவி என் மனசாட்சியையோ தேச நலனையோ மீறச் சொல்லும் நேரம் வந்தால் நான் ராஜினாமா செய்வேன் என்றார். பதவிக்கு வரும் முன்பே சொன்னார், ஓட்டுக் கேட்கும்போதே. அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைமை நீதிபதி ராய் மூர் எதிர்த்திசை. நீதிமன்றக் கட்டடத்தில் பத்துக் கட்டளைகள் பொறித்த கல்லை நிறுவினார், அகற்றச் சொல்லிக் கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டும் மறுத்தார், 2003-ல் பதவி பறிக்கப்பட்டது. தினமும் மற்றவர்களைத் தன் உத்தரவுக்குக் கட்டுப்படச் சொன்ன மனிதர், தனக்கு வந்த உத்தரவுக்குக் கட்டுப்படவில்லை.

#16 அகல்

ராஜினாமா, ராஜினாமா என்கிறீர்களே, அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். உறுத்தல் உள்ளவர்கள் எல்லோரும் போய்விட்டால் அலுவலகத்தில் மிஞ்சுவது யார்? எதிலும் உறுத்தாதவர்கள். நாளைக்கு நிஜமாகவே அநியாயமான சுற்றறிக்கை ஒன்று வரும்போது, "இது தப்பு" என்று சொல்ல ஒரு ஆள் அங்கே இருக்கமாட்டார்.

ஒரு காலத்தில் நாத்திகர்களையும் இப்படித்தான் வெளியே நிறுத்தினார்கள். சார்ல்ஸ் பிராட்லா 1880-ல் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். கடவுள் பெயரால் சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதிமொழி எடுக்கிறேன் என்றார், விடவில்லை. திரும்பத் திரும்பத் தேர்தலில் ஜெயித்தும் 1886-ல்தான் நிலையாக உட்கார முடிந்தது. "உனக்கு ஒத்துவரவில்லை என்றால் போ" என்று விட்டிருந்தால் 1888-ல் உறுதிமொழிச் சட்டம் வந்திருக்காது. வடிவத்தைக் கொஞ்சம் நெகிழ்த்தினார்கள், யாருக்கும் எதுவும் குறையவில்லை. ஓரக்கோட்டுக்கும் அப்படி ஒரு நெகிழ்வு இருக்கக்கூடாதா?

#17 சட்டப்பூச்சி

இருக்கலாம், இருந்தும் இருக்கிறது. 2015-ல் அமெரிக்காவிலேயே இரண்டு மாநிலங்கள் இரண்டு விதமாகச் செய்தன. யூட்டாவில், கிளார்க் திருமணத்தை நடத்தி வைக்க விரும்பாவிட்டால் நடத்தி வைக்க வேறொருவரை ஏற்பாடு செய்திருக்கவேண்டும். வருபவருக்குச் சேவை உண்டு என்பது அலுவலகத்தின் பொறுப்பு. வட கரோலினாவில், மத காரணத்துக்காக ஒரு மாஜிஸ்திரேட் விலகலாம், ஆனால் விலகினால் குறைந்தது 6 மாதம் எந்தத் திருமணத்தையும் நடத்தக்கூடாது. இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை என்று பொறுக்க முடியாது.

கனடாவின் சஸ்காச்சுவன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-ல் சொன்னது எனக்கு இன்னும் பிடிக்கும். திருமண அலுவலர்கள் தனித்தனியாக மக்களிடம் மறுக்க அனுமதிக்கும் சட்ட முன்வரைவு செல்லாது என்றது. கூடவே, கோரிக்கையெல்லாம் ஒரே வாசல் வழியாக வந்து, யாரை அனுப்புவது என்று உள்ளேயே முடிவானால் பாதிப்பு குறையும் என்றும் சுட்டியது. மறுப்பு நடந்தது என்பதே வந்தவருக்குத் தெரியாது.

ஓரக்கோடு, உங்கள் திட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் தெரிகிறதா? நீங்கள் இருவர் பேசி வைத்துக்கொண்டால் அது நட்பு. அலுவலகம் எழுத்தில் செய்தால்தான் ஏற்பாடு.

#18 பழைய_பைல்

அதேதான். தம்பி, செய்யவேண்டியதைச் சொல்றேன். மேலதிகாரிக்கு ஒரு கடிதம். கவுன்ட்டர் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே கொடுக்கணும். வேதம், வசனமெல்லாம் அதுல வேண்டாம். "இந்த வகைப் பதிவை வேறு அலுவலருக்கு ஒதுக்கக் கோருகிறேன், ஈடாக இன்ன பணியை ஏற்கத் தயார், ஒதுக்க இயலாத நாட்களில் தாமதமின்றி நானே செய்வேன்." கடைசி வரி முக்கியம். அந்த வரியை எழுதக் கை வரலைன்னா, கறார் சொன்னதைப் பத்தி யோசிங்க. அந்த வரி வந்துட்டா அவர் சொன்னது உங்களுக்கில்ல. கடிதத்தோட நகல்ல தேதி முத்திரை வாங்கி வெச்சுக்குங்க.

#19 கறார்

ராணுவம் மாதிரி இடங்களில் அந்த நெகிழ்வும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்திய ராணுவத்தில் ஒரு கிறிஸ்தவ அதிகாரி, தன் படைவீரர்களின் வழிபாட்டு அணிவகுப்புக்கு வருவேன், வெளியே நிற்பேன், கருவறைக்குள் மட்டும் வரமாட்டேன் என்றார். பணிநீக்கம் செய்தார்கள். 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது, நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

#20 அகல்

அந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. அவர் உள்ளே போகாததால் எந்த வீரருக்கு எது கிடைக்காமல் போனது? சட்டப்பூச்சி சொன்ன சிலுவைக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்.

#21 சட்டப்பூச்சி

தலைமை தாங்குகிறவர் கூடவே நிற்பதும் அந்தப் பணியின் பகுதி என்பது ராணுவத்தின் வாதம். எனக்கும் முழுத் திருப்தி இல்லை. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

#22 ஓரக்கோடு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கடிதம் கொடுத்தேன். கடைசி வரியை எழுத இரண்டு இரவு ஆனது. மேலதிகாரி படித்துவிட்டு "பார்க்கலாம்" என்றார். மற்றவருக்கு ஒதுக்கி வாய்மொழியாகச் சொன்னார்.

நேற்று அந்த மற்றவர் வரவில்லை, காய்ச்சல். காலை 10.40-க்கு ஒரு இணையர். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. அந்த அம்மா பிளாஸ்டிக் உறையிலிருந்து மணமுறிவுத் தீர்ப்பை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். மௌனசாட்சி எழுதியது நினைவுக்கு வந்தது. எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினேன். முத்திரை கொஞ்சம் மங்கல்தான், வாசிக்க முடிந்தது. படிவத்தில் என் கையெழுத்துக்கு மேலே இருப்பதைப் படித்தேன். பழைய_பைல் ஐயா சொன்ன மாதிரியேதான் இருந்தது. போட்டேன்.

நிம்மதியாக இருக்கிறதா என்றால், இல்லை. ராத்திரி ஜெபத்தில் இதைச் சொன்னேன். வாராவாரம் இப்படி நடந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. வேறு பிரிவுக்கு மாறுதல் விண்ணப்பமும் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை.

#23 பழைய_பைல்

கடிதத்துக்கு எழுத்துல பதில் வாங்குங்க தம்பி. வாய்மொழி ஒதுக்கீடு அடுத்த அதிகாரி வந்தா காத்துல போயிடும்.

#24 மௌனசாட்சி

அந்த அம்மா எத்தனை தடவை வந்தார்கள்?

#25 ஓரக்கோடு

ஒரே தடவைதான் அக்கா.